பெயரிட இயலா இசை

ஒரு கலைப்படைப்பின் தகுதியை அளக்க உலகம் சில அளவுகோல்களை வைத்திருக்கிறது. எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது ஒன்று. எத்தனை விருதுகள் பெற்றது என்பது மற்றொன்று. அறிஞர் பெருமக்கள் அதனைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பது இன்னொன்று. இம்மூன்றுக்கும் அகப்படாத நான்காவது அளவுகோல் ஒன்றும் உண்டு. அது நீடித்த அன்பு. விளம்பரம் ஓய்ந்த பின்னும், வெளிவந்த நாளின் பரபரப்பு அடங்கிய பின்னும், ஒரு படைப்பை வீட்டில் வைத்துப் பேணி, மீண்டும் மீண்டும் அதனிடம் திரும்பி வருகின்ற எளியோரின் அன்பு. இந்த நான்காவது அளவுகோலைக் கொண்டு ஓர் இசைத்தொகுப்பை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளையராஜா 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' என்பதே அத்தொகுப்பு. 'இதற்கு எப்படிப் பெயரிடுவது?' என்று அத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மொத்தம் பத்து இசைக்கோவைகள். பாடல் வரிகள் இல்லை, கதை இல்லை, நடிகர் இல்லை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கும், செருமானிய நாட்டின் யோகான் செபாஸ்தியன் பாக் என்னும் இசை மேதைக்கும் அது காணிக்கையாக்கப்பட்டது. முதன்மை வயலினை இசைத்தவர் வி.எஸ். நரசிம்மன். பாக் 1685-இல் பிறந்து 1750-இல் இறந்தார். அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1767-இல் தியாகராஜர் பிறந்தார். ஒருவரையொருவர் அறிந்திராத இவ்விருவரையும் ஒரே கூடத்தில் அமர்த்திப் பேசவைக்க முயன்றவர், பண்ணைப்புரம் என்னும் சிற்றூரிலிருந்து வந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்றுக் கிட்டாரில் தேர்ச்சி பெற்றவர்.

உரிய இடம் பெறாத படைப்பு

இளையராஜா என்றதும் தமிழர் நினைவுக்கு வருபவை அவருடைய திரைப்பாடல்களே. 1976-இல் 'அன்னக்கிளி' தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் இசையமைத்துள்ளார். இத்தொகுப்பு வெளிவந்த அதே 1986-ஆம் ஆண்டில்தான் 'மௌன ராக'மும் 'புன்னகை மன்ன'னும் வந்தன. அப்பாடல்கள் தேநீர்க் கடைகளிலும், பேருந்துகளிலும், நம் பங்குகளின் திருவிழாக் கொடிமரத்தடியிலுங்கூட ஒலித்தன. அவற்றின் பேரொலிக்கு நடுவே, சொற்களற்ற இந்த ஒலிநாடா ஓரமாக ஒதுங்கி நின்றதில் வியப்பில்லை.

அக்காலத்தில் ஓர் இசை மக்களைச் சென்றடையும் வழிகளை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். இராமநாதபுரக் கடற்கரையில் வாழ்ந்த நமக்கு வானொலி என்றால் சென்னையைவிட இலங்கையே நெருக்கம். கடல் தாண்டி வந்த அந்த ஒலிபரப்பில் விருப்பப் பாடல் கேட்டு எழுதாத வீடு குறைவு. அங்கே கேட்கப்பட்டவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. படத்தின் பெயர், பாடியவர் பெயர், எழுதியவர் பெயர் என்று மூன்றையும் சொல்லித்தான் ஒரு பாடலை நாம் கேட்டு வாங்கினோம். பெயரில்லாத இசையை எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது?

சங்கீத சபைகளுக்குச் சென்றோருக்கு இது முழுமையான கருநாடக இசையாகப் படவில்லை. மேனாட்டுச் செவ்வியல் இசையில் பழகியோருக்கு இது பாக்கின் காலத்து நடையைப் போலச் செய்த ஒன்றாகத் தோன்றியிருக்கலாம். திரைப்பாடல் கேட்டவர்களோ இதில் பாட்டு எங்கே என்று தேடினர். மூன்று வீடுகளுக்கும் உறவுக்காரனாய் இருந்தும், எந்த வீட்டிலும் இலை போடப்படாத விருந்தாளியின் நிலை இதற்கு வாய்த்தது.

கைக்குக் கை மாறிய ஒலிநாடா

இருப்பினும் அது வாழ்ந்தது. நாம் இளங்குருமடத்தில் இருந்த நாள்களில் உடன் பயின்ற சகோதரர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்பும்போது இதன் படி ஒன்றைக் கொண்டுவந்தார். வெற்று ஒலிநாடாவில் விரும்பிய பாடல்களைப் பதிந்து தரும் கடைகள் அன்று ஊருக்கு ஊர் இருந்தன. அப்படியொரு கடையில் பதிந்த படி அது. மேலுறையில் நீல மையால் எழுதிய இரண்டு சொற்கள்: 'வயலின், ராஜா'. அவ்வளவே. அந்நாடாவைக் கேட்டவர்கள் இன்னொரு படி எடுத்தனர். அப்படியிலிருந்து மற்றொரு படி. ஒவ்வொரு படியிலும் இரைச்சல் சற்றுக் கூடியது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை நுழைத்துச் சுற்றிச் சரிசெய்தோம். அறுந்தால் ஒட்டினோம். ஒட்டிய இடத்தில் ஒரு நொடி இசை துள்ளும். இன்றும் அந்த இடத்தைக் கேட்கையில் நம் செவி அத்துள்ளலை எதிர்பார்க்கிறது.

இத்தகைய அன்பு தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து நாட்டில் நிக் டிரேக் என்னும் இளைஞர் கிட்டாரை மீட்டிப் பாடி 1969-க்கும் 1972-க்கும் இடையில் மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டார். அவை மிகச் சொற்பமாகவே விற்றன. 1974-இல் 26 வயதில் அவர் இறந்தார். அவருடைய இசையை அதன்பின் வந்த தலைமுறைகளே தேடிக் கண்டடைந்தன. பாக்கின் கதையும் ஏறக்குறைய அத்தகையதே. 1723 முதல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் லைப்சிக் நகரின் தூய தோமா ஆலயத்தில் சிறுவர்களுக்குப் பாட்டுக் கற்பித்துக்கொண்டு, வழிபாட்டுக்கு இசை எழுதிக்கொண்டிருந்தவர் அவர். ஆலயப் பணியாளர் என்றே அவரைச் சொல்லிவிடலாம். அவர் மறைந்தபின் அவருடைய பெரும் படைப்புகளுட் பல பொதுமக்கள் செவிக்கு எட்டாமல் கிடந்தன. 1829-இல் பெர்லின் நகரில் இருபது வயது மெண்டல்சன் மத்தேயு நற்செய்தியின்படியான பாடுகளின் இசையை மீண்டும் அரங்கேற்றிய பிறகே உலகம் அவரைப் பரவலாகத் திரும்பிப் பார்த்தது. 1890-இல் பார்சலோனா நகரக் கடையொன்றில் 13 வயதுச் சிறுவன் பாப்லோ கசால்ஸ் பாக்கின் தனிச் செல்லோ இசைக்கோவைகளின் பழைய பிரதியொன்றைக் கண்டெடுத்தான். வெறும் பயிற்சிப் பாடங்கள் என்று பலர் எண்ணியிருந்த அவை அவனால்தான் மேடையேறின. படைத்தவன் கைவிட்டுப் போனதைக் கேட்பவன் கையில் எடுத்துக் காப்பாற்றுகிறான். இசையின் வரலாற்றில் கேட்பவனுக்கும் ஓர் அழைத்தல் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

பாக் வந்த வீடு

இனி இசைக்குள் நுழைவோம். இத்தொகுப்பின் ஒரு கோவை 'ஃபியூக்' என்னும் வடிவத்தைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கிறது. அது இலத்தீனில் 'ஓட்டம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்குகிறது. அது முன்னே செல்ல, இரண்டாம் குரல் அதே மெட்டை வேறொரு சுரத்தில் எடுத்துக்கொண்டு பின்தொடர்கிறது. பிறகு மூன்றாம் குரல். நம் கடற்கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை அறிந்தோருக்கு இது எளிதில் விளங்கும். அம்பாவில் முன்பாட்டுக்காரர் ஓர் அடியைச் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் ஏற்றுப் பாடுவர். ஃபியூக்கிலோ முன்பாட்டு முடியும்வரை பின்பாட்டு காத்திருப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அலை வருவது போல் குரல்கள் வந்து சேர்கின்றன. ஆயினும் எந்தக் குரலும் மற்றொன்றை மூழ்கடிப்பதில்லை.

நம் மரபிசை இராகத்தை ஒற்றைக் கோடாக வளர்த்தெடுப்பது. மேனாட்டு மரபு பல கோடுகளை ஒரே நேரத்தில் பின்னுவது. இரண்டையும் இணைக்க முயன்றவர்கள் பலர், மேளகர்த்தா இராகம் ஒன்றை எடுத்து அதற்குக் கீழே மேனாட்டுச் சுரக்கூட்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவர். இளையராஜா இத்தொகுப்பின் சிறந்த இடங்களில் அவ்வாறு செய்யவில்லை. இராகத்தின் சுரங்களைக் கொண்டே ஒவ்வொரு குரலையும் நடக்க வைக்கிறார். கீழ்க்குரல் தாங்குவதற்காக மட்டும் வரவில்லை. அதுவும் பாடுகிறது. இந்த நேர்மையே இத்தொகுப்பை அக்காலத்துக் கலப்பிசை முயற்சிகள் பலவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது எனலாம்.

'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள்படும் கோவையைக் கருதுவோம். பாக் தனி வயலினுக்காக எழுதி, 1720-ஆம் ஆண்டிட்ட கைப்பிரதியில் வைத்த மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு இதில் ஒலிக்கிறது. துணையேதுமின்றி ஒற்றை வயலின் ஓடிக்கொண்டேயிருக்கும் இசை அது. அதன்மேல் இளையராஜா தம்முடைய வேறு இழைகளைப் படரவிடுகிறார். பாக்கின் ஓட்டம் தொடர்ந்திருக்க, நம் மண்ணின் சாயல் கொண்ட மெட்டு அதன் பக்கத்தில் வந்து நடக்கிறது. முதன்முறை கேட்டபோது, பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் இளையவர் குறுக்கிட்டது போல் நமக்குச் சிறிது கூச்சம் ஏற்பட்டது. பிற்காலத்தில்தான் ஓர் உண்மையை அறிந்தோம். பாக் தாமே அதைச் செய்திருக்கிறார்! 1731-இல் லைப்சிக் நகர மன்றம் புதிதாகப் பொறுப்பேற்றதை ஒட்டி நடந்த நன்றி வழிபாட்டுக்கு அவர் எழுதிய கந்தாத்தாவின் தொடக்கத்தில், இதே வயலின் முகப்பை ஆர்கனுக்கு மாற்றி, எக்காளங்களும் முரசுகளும் சூழ ஒலிக்க வைத்தார். அதே கந்தாத்தாவின் முதல் குழுப்பாடலை எடுத்துப் பின்னர் இலத்தீன் திருப்பலிக்குத் தாம் அமைத்த பெரும் இசையில் இரண்டு இடங்களில் வைத்தார். வானவர் கீதத்தில் இறைவனுக்கு நன்றி கூறும் இடம் ஒன்று. இறைவனின் செம்மறியிடம் அமைதி வேண்டும் இடம் மற்றொன்று. லூத்தரன் சபையைச் சேர்ந்தவர் நம் திருப்பலியின் சொற்களுக்கு இசை எழுதினார் என்பதே சிந்திக்கத் தக்கது. ஒரு மெட்டு தனி அறையிலிருந்து ஆலயத்துக்கும், ஒரு சபையிலிருந்து மற்றொரு சபைக்கும் பயணம் செய்தது. 1986-இல் அது சென்னைக்கும் வந்தது என்றால் அது பாக்கின் பழக்கத்துக்கு மாறானது அன்று.

மேலும், இவ்வுரையாடலைச் சுமக்கும் வயலினே ஒரு வழிப்போக்கன் அல்லவா? ஐரோப்பியரோடு கப்பலேறி வந்த அக்கருவியை முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் கற்று நம் இசைக்கு ஏற்றதாக்கினார். நின்று வாசித்த கருவி நம் மண்ணில் சம்மணமிட்டு அமர்ந்தது. இன்று அதனை அந்நியம் என்று சொல்வார் எவருமிலர்.

குறைகளும் உண்டு. அவற்றை மறைப்பது விமர்சனம் ஆகாது. தாள ஒலிகள் சில இடங்களில் அக்காலத்துத் திரைப்பாடல் பதிவுக்கூடத்தையே நினைவூட்டுகின்றன. வயலின்கள் எந்தக் காலத்துக்கும் உரியவையாய் ஒலிக்க, தாளம் 1980-களிலேயே தங்கிவிடுகிறது. சில கோவைகள் ஓர் எண்ணத்தை எடுத்துக் காட்டிவிட்டு, அது வளரத் தொடங்கும்போதே முடிந்துவிடுகின்றன. மூன்று நிமிடப் பாடலுக்குப் பழகிய கை பெரிய மாளிகைக்கு அடித்தளம் இட்டுவிட்டு, முன்னறையோடு நிறுத்திக்கொண்டதோ என்று ஐயுறுகிறோம். 'ஒப்பிடாதே' என்று பொருள்படும் தலைப்பை ஒரு கோவைக்கு வைத்து ஆசிரியர் நம்மைப் போன்றோரை முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்! ஆயினும் ஒப்பிடாமல் எடைபோட வழியில்லை. பத்துக் கோவைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஆனால் உயர்ந்த இடங்கள் உண்மையிலேயே உயர்ந்தவை.

இத்தொகுப்பின் ஆற்றலை முதலில் உணர்ந்து பயன்படுத்தியவர்களுள் ஒருவர் இயக்குநர் பாலுமகேந்திரா. 1988-இல் வந்த அவருடைய 'வீடு' என்னும் படத்தில் பாடல்கள் இல்லை. இத்தொகுப்பின் இசையே பின்னணியாக எடுத்தாளப்பட்டது. சென்னையில் சிறு வீடொன்று கட்டிக்கொள்ளப் போராடும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கதை அது. கட்டி முடியாத அந்த வீட்டைக் காண முதியவரான தாத்தா ஒருநாள் செல்கிறார். சொக்கலிங்க பாகவதர் அதில் நடிக்கவில்லை, வாழ்ந்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. பூசப்படாத சுவர்களைத் தொட்டுப் பார்க்கிறார். அந்த வீட்டில் குடியேறாமலே, திரும்பும் வழியில் இறந்துபோகிறார். 'வீடு' என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் விடுதலை என்றும் பொருள் வைத்தனர். எந்தக் காட்சிக்கும் எழுதப்படாத இசை, பிறர் துயரத்துக்குள் தயக்கமின்றி நுழைந்து தனக்குரிய இடத்தில் அமர்ந்துகொள்ளும் வித்தையை அப்படத்தில் கண்டோம்.

ஒரு துக்க வீடு

இவ்வளவும் எழுதியபின் நம் பங்கில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இறந்தார். இத்தொகுப்பை உயிராய் நேசித்தவர். மாலை வேளைகளில் அவருடைய திண்ணையிலிருந்து அந்த வயலின் ஒலி உப்பங்கழியை நோக்கி மிதந்து வருவதைப் படகில் திரும்பும் மீனவர்கள் கேட்பதுண்டு. அடக்கத் திருப்பலிக்கு முன், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அவர் மகன் நம்மிடம் வந்து, "சாமி, நன்மை வாங்கின பிறகு அப்பாவுக்குப் பிடிச்ச அந்த இசையை ஒரு நாலு நிமிசம் போடலாமா?" என்று கேட்டார்.

நாம் மறுத்துவிட்டோம். திருவழிபாட்டு இசைக்குரிய ஒழுங்கை எடுத்துச் சொன்னோம். அவ்வொழுங்கு சரியானதே. இன்றும் அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதோடு நில்லாமல், "சினிமாக்காரர் இசையைப் பூசையில் போடுறதா?" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டோம். இளம்வயதில் நாமே ஒட்டி ஒட்டிக் கேட்ட இசையை, குருவான பின் ஒரே சொல்லால் தள்ளினோம். அந்த மகன் ஒன்றும் சொல்லவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்த மாலையில் அவர்கள் வீட்டுக்குச் செபமாலை சொல்லச் சென்றோம். செபம் முடிந்ததும் எல்லாரும் அமைதியாயிருந்தனர். மகன் உள்ளே சென்று தந்தையின் பழைய ஒலிப்பெட்டியில் அந்நாடாவை இட்டார். முற்றத்தில் நண்டு பிடிப்போர், வலை பின்னுவோர், கூலி வேலைக்குச் செல்வோர் என்று முப்பது பேர் அமர்ந்திருந்தோம். பாக்கின் பெயரையோ தியாகராஜரின் பெயரையோ அவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. எவரும் எழுந்து போகவில்லை. எவரும் பேசவும் இல்லை. நாடா நின்றபின், கணவரைக் கடலுக்குக் கொடுத்த மூதாட்டி ஒருவர் நம்மைப் பார்த்துச் சொன்னார்: "சாமி, இது நம்ம ஒப்பாரி மாதிரித்தான் இருக்கு. வார்த்தையை மட்டும் வைக்காம விட்டுட்டாங்க. அவங்கவங்க வச்சுக்கிரட்டும்னு விட்டுருப்பாங்க போல."

இத்தொகுப்பைப் பற்றி நாம் கேட்ட திறனாய்வுகளுள் இதனினும் சிறந்த ஒன்றை நாம் அறியோம்.

சொல் நின்ற இடம்

அன்றிரவு புனித அகுஸ்தினாரை எடுத்துப் படித்தோம். குருமடத்தில் தேர்வுக்காகப் படித்ததை அன்றுதான் நமக்காகப் படித்தோம். திருப்பாடல் ஒன்றின் விளக்கத்தில் அவர் வயலில் அறுவடை செய்வோரையும் திராட்சைத் தோட்டத்தில் உழைப்போரையும் குறிப்பிடுகிறார். முதலில் அவர்கள் சொற்களோடு பாடத் தொடங்குகிறார்கள். மகிழ்ச்சி பெருகப் பெருகச் சொற்களின் அசைகள் உதிர்ந்துபோகின்றன. பின் எஞ்சுவது வெறும் ஆர்ப்பரிப்பின் ஒலி. இதயம் சொல்ல இயலாத ஒன்றைப் பெற்றெடுக்கிறது என்பதன் அடையாளமே அவ்வொலி என்கிறார் அவர். சொல்லுக்கு அடங்காத இறைவனைவிட அந்த ஒலிக்கு உரியவர் வேறு யார் என்றும் கேட்கிறார். அவரைச் சொல்லவும் இயலாது, சொல்லாமல் இருக்கவும் ஆகாது. ஆகவே சொல்லின்றிப் பாடு என்பதே அவர் காட்டும் வழி.

இதே அகுஸ்தினார்தாம் தம் 'அறிக்கைகள்' என்னும் நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையில் தம் மனம் அதிகம் கரைந்துபோகும்போது அதைக் குற்றமாக உணர்வதாகவும் எழுதினார். இசையின் மீது அச்சம், இசையின் மீது அன்பு, இரண்டும் அவருக்குள் ஒருங்கே இருந்தன. மகனிடம் நாம் சொன்ன சொல்லில் அவருடைய அச்சம் மட்டுமே இருந்தது.

அறுவடை செய்வோர் மகிழ்ச்சியில் சொல்லிழந்தனர். துக்க வீட்டில் அமர்ந்திருந்தோர் துயரத்தில் சொல்லிழந்திருந்தனர். இரண்டு முனைகளிலும் மனிதன் பெயரிட இயலாத ஒன்றின் முன் நிற்கிறான். இத்தொகுப்பின் தலைப்பு கேட்கும் வினா இதுவே. அதற்கு விடையளிக்காமல் விட்டதே இதன் பெருமை. நம் காலத்துப் பாடல்கள் யாவும் பெயரோடு வருகின்றன. இது காதல், இது தாய்ப்பாசம், இது பிரிவு என்று சொற்கள் நமக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றன. அவற்றில் மற்றவர் உணர்ச்சியில் நாம் விருந்தினர். சொல் வைக்காத இவ்விசையிலோ ஒவ்வொருவரும் தத்தம் வாழ்வைக் கொண்டுவந்து வைத்தனர். மாணவன் தன் ஏக்கத்தை வைத்தான். திண்ணையிலிருந்த ஆசிரியர் எதை வைத்தாரோ, நாம் அறியோம். மூதாட்டி தன் கணவரை வைத்தார். தாம் வைத்ததை எவரும் எளிதில் விட்டுப் போவதில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டுக் கால அன்பின் இரகசியம் இதுவேயென்று நாம் துணிகிறோம். பழைய நினைவின் இனிமை என்று மட்டும் இதனைச் சுருக்கிவிட முடியாது. அவ்வாறாயின், ஒலிநாடாவைக் கண்ணால் காணாத இன்றைய இளைஞர் கைப்பேசியில் இதைத் தேடிக் கேட்பதற்கும், வயலின் கற்கும் பிள்ளைகள் இதை வாசித்துப் பழகுவதற்கும் காரணம் கூற இயலாது.

காரங்காட்டின் அலையாத்திக் காட்டைக் காண இப்போது பலர் படகில் வருகின்றனர். பச்சை இலைகளைப் பார்த்து மகிழ்ந்து செல்கின்றனர். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களைச் சிலரே குனிந்து பார்ப்பர். காற்றுப் புகாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். ஒரு கலைஞனின் பெரும் புகழைத் திரைப்பாடல்கள் தாங்கின. அவனுடைய கலை எங்கே மூச்சுவிட்டது என்று அறிய விரும்புவோர் இப்படிக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். 2005-இல் வந்த 'திருவாசகம்' விழாக்கோலத்தோடு வந்தது. 2025 மார்ச்சு 8-ஆம் நாள் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது தமிழுலகே பெருமிதம் கொண்டது. அப்பெருமிதத்தில் நாமும் பங்குகொண்டோம். ஆனால் அந்த நெடும்பயணத்தின் முதல் அடிகளுள் ஒன்று, 1986-இல் ஆரவாரமின்றி எடுத்து வைக்கப்பட்டது என்பதையும், அதை மறவாமல் காத்தவர்கள் நீல மையால் பெயரெழுதிய முகமறியா நேயர்கள் என்பதையும் பதிவு செய்வது நம் கடமை.

இறைமக்களாகிய நமக்கு இதில் ஒரு பாடமும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, அந்தந்த மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்கக் கேட்டது. வழிபாட்டில் தக்க நேரங்களில் திருமௌனம் காக்கவும் கேட்டது. முதலாவதை ஓரளவு செய்தோம். இரண்டாவதை மறந்தோம். நற்கருணை வழங்கி முடிந்ததோ இல்லையோ, கீபோர்டு முழங்குகிறது, அடுத்த பாடல் தொடங்குகிறது, அறிவிப்புகள் வரிசையாய் வந்து நிற்கின்றன. மக்கள் தம் சொல்லை வைக்க நாம் இடம் விடுவதில்லை. சொல் வைக்காமல் விடவும் ஒரு துணிவு வேண்டும். அத்துணிவை ஓர் ஒலிநாடா நமக்குக் கற்பித்தது.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் எம் ஆலயத்தில் நற்கருணைக்குப் பிறகு சில நிமிடங்கள் பாடலோ அறிவிப்போ இன்றி அமர்ந்திருக்கிறோம். தொடக்கத்தில் சிலர் நெளிந்தனர். பாடகர் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இப்போது பழகிவிட்டது. அந்த மகனுக்கு ஒரு மடல் எழுதி, நாம் சொன்ன அச்சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம். அவர் மறுமொழியோடு தம் தந்தையின் ஒலிநாடாவையும் அனுப்பிவைத்தார். அது நம் அறையில் இருக்கிறது. அன்பியக் கூட்டத்துக்கு நம் இல்லம் வரும்போதெல்லாம் அந்த மூதாட்டி, "அந்தப் பேரில்லாப் பாட்டை ஒருதரம் போடுங்க சாமி" என்று கேட்பார். அவர் கேட்கும்போதெல்லாம் போடுகிறோம்.